மாலை ஐந்தரைக்குத் தெப்பக்காட்டில் இருங்கள்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு நான்கு. அப்படியே முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமையும் பார்த்துவிடலாம் என்று திட்டம். அங்கே குழந்தைகளை யானை மேல் ஏற்றுவார்களா, குளிப்பாட்ட விடுவார்களா? (ஒரு வாசகி, ஈரோடு)

கட்டாயம் போங்கள். ஆனால் ஏற்றுவது, குளிப்பாட்டுவது இரண்டையும் மனதிலிருந்து எடுத்துவிட்டுப் போங்கள். யானையின் முதுகெலும்பு மேல்நோக்கிப் புடைத்து நிற்பது, அதன் மேல் மரச்சட்டத்தைக் கட்டி நாலு பேரை ஏற்றி நாளெல்லாம் நடக்கவிட்டால் தோல் உரசிப் புண்ணாகும். சவாரியை நம் ஊரில் ஆசையாகக் கேட்கிறார்கள், எனக்கும் சின்ன வயதில் அந்த ஆசை இருந்தது. ஆனால் மேலே உட்கார்ந்தால் யானையையே பார்க்க முடியாது, பாகனின் தலையையும் இரண்டு காதையும்தான் பார்ப்பீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது உணவு கொடுக்கும் நேரம். காலை எட்டரை வாக்கில் ஒன்று, மாலை ஐந்தரை வாக்கில் ஒன்று (நேரம் மாறலாம், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்). நிறையப் பேர் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கி, "எங்கே சார் யானை?" என்று கேட்டுவிட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் அவை காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும்.

வேகவைத்த ராகி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு, தாது உப்புக்கலவை எல்லாவற்றையும் பிசைந்து பெரிய பெரிய உருண்டையாக, கட்டியாகப் பிடித்து மேடையில் வரிசையாக வைத்திருப்பார்கள். எல்லா யானைக்கும் ஒரே அளவு கிடையாது. வயது, எடை, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. பாகன் உருண்டையைத் தூக்கிக் காட்டியதும் யானை தும்பிக்கையை நெற்றிமேல் சுருட்டி வாயைத் திறக்கும், பாகன் முழங்கை வரை கையை உள்ளே விட்டு உருண்டையை வைத்துவிட்டு எடுப்பார். மாத்திரை இருந்தால் அதே உருண்டைக்குள்தான் போகும். உங்கள் பையனை அந்தக் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தனை பெரிய கடைவாய்ப் பற்களுக்கு நடுவே தினமும் இரண்டு வேளை போய் வருகிற கை அது.

வழி விஷயம் ஒன்று. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகக் குறுக்கே இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் கீழே இறங்க விடுவதில்லை, அதனால் கூடலூர் வழியாக வாருங்கள். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது, கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். மைசூர் பக்கம் போவதாக இருந்தால் பந்திப்பூர் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு இருட்டில் மலை ஏறுவதைவிட மசினகுடியில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். காலை உணவையும் பார்த்த மாதிரி இருக்கும், ஆற்றில் யானையைப் படுக்க வைத்துப் பாகன் தேய்ப்பதையும் கரையில் நின்றே பார்க்கலாம்.

கேள்வி: காட்டில் சுதந்திரமாகத் திரிய வேண்டிய விலங்கைச் சங்கிலி போட்டு வைத்திருக்கும் இடத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போவது, கொடுமைக்குத் துணைபோவது ஆகாதா? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். யானை காட்டில்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தெப்பக்காடு முகாமுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அது தொடங்கியது யானையைக் காப்பாற்ற அல்ல, காட்டில் வெட்டிய மரத்தை இழுக்க. அந்த வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. மரம் இழுக்கும் வேலை போன பிறகு அதே யானைகள் கும்கியாக மாறின. ஊருக்குள் வந்துவிட்ட காட்டு யானையை விரட்ட, பிடிக்க, காட்டுக்குள் ரோந்து போக.

சரி, அப்புறம் முகாமில் இருப்பவை எல்லாம் எங்கிருந்து வந்தவை? சில முகாமிலேயே பிறந்தவை. சில தாயை இழந்து கிணற்றோரமோ தோட்டத்திலோ தனியாகக் கிடைத்த குட்டிகள், கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்து, கூட்டம் ஏற்காமல் போனவை. சில மூர்த்தியைப் போல வந்தவை. மூர்த்தி ஒரு மக்னா, அதாவது தந்தம் இல்லாத ஆண். கேரளத்திலும் கூடலூர்ப் பக்கத்திலும் பலரைக் கொன்றதால் கேரளத்தில் சுடுவதற்கே உத்தரவு போட்டிருந்தார்கள். 1998-ல் தமிழக வனத்துறை அதைச் சுடாமல் உயிரோடு பிடித்தது. பிடிப்பதற்கு முன்னின்ற யானை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதே யானை பிறகு அவ்வளவு சாதுவானது. 2024-ல் இறக்கும் வரை தெப்பக்காட்டிலேயே இருந்தது. சங்கிலியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் மூர்த்தியைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதற்குச் சங்கிலி இல்லாவிட்டால் துப்பாக்கிதான் இருந்தது.

அதனால் "சங்கிலி இருக்கிறதா" என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி யானை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தெப்பக்காட்டில் மாலை உணவு முடிந்ததும் பெரும்பாலான யானைகளை மேய்ச்சலுக்குக் காட்டில் விட்டுவிடுவார்கள், காலில் நீளச் சங்கிலி இழுபடும். விடிந்ததும் பாகனும் காவடியும் (பாகனின் உதவியாளரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மண்ணில் சங்கிலி இழுத்த தடத்தைப் பிடித்துப் போய்த் தேடிக் கூட்டி வருவார்கள். பனி நேரத்தில் ஒருமுறை அந்தத் தடத்தைப் பார்த்தேன். ஈரப் புல்லில் ஒரு கோடு, பக்கத்திலேயே பெரிய தட்டு அளவு காலடிகள், நடுவில் ஓர் இடத்தில் மூங்கிலை ஒடித்துத் தின்ற மிச்சம். காட்டு யானை எந்நேரமும் எதிரே வரக்கூடிய இடம். காட்டுநாயக்கர், குறும்பர் சமூகத்து ஆட்கள் தலைமுறையாக இந்த வேலையில் இருக்கிறார்கள், அந்தத் தடத்தை அவர்கள் நடந்துகொண்டே படிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஓர் இடத்துக்கும் போயிருக்கிறேன். தனியார் இடம், வேறு மாநிலம். சிமென்ட் தரையில் ஒரு பெண் யானை, முன்னங்காலில் சங்கிலிக்கு அடியில் புண், அதன் மேல் மஞ்சள் பூசி மறைத்திருந்தார்கள். நிற்காமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற குடும்பம் "டான்ஸ் ஆடுது பாரு" என்று குழந்தைக்குக் காட்டியது. அது ஆட்டம் இல்லை, கட்டிப்போட்டே வைத்திருக்கும் யானைக்கு வரும் மன உளைச்சல். நான் கொடுத்த டிக்கெட் காசும் அந்தச் சங்கிலிக்குப் போயிருக்கிறது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. தலையாட்டும் யானை, கால் புண், வெறும் சிமென்ட் தரை, நாளெல்லாம் சவாரி, செல்ஃபிக்குத் தனிக் காசு, இதில் எதைப் பார்த்தாலும் வெளியே வந்துவிடுங்கள், வந்து எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: டாப்சிலிப் நல்லதா, தெப்பக்காடு நல்லதா? (ஒரு வாசகர், திருப்பூர்)

உங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சி, சேத்துமடை வழி பக்கம், அதனால் டாப்சிலிப்பே போங்கள். அங்கிருந்து கோழிகமுத்தி முகாமுக்கு வனத்துறை வண்டியில்தான் போக முடியும், சொந்தக் காரை விட மாட்டார்கள், அதனாலேயே கூட்டம் குறைவு. அங்கே பாகன்கள் மலசர் மக்கள். 99 முறை காட்டு யானைப் பணிக்குப் போன கலீம் அந்த முகாமின் கும்கிதான். 60 வயதில், 2023 மார்ச்சில், வனத்துறையினர் வரிசையாக நின்று சல்யூட் அடித்து அதற்கு ஓய்வு கொடுத்தார்கள்.

கேள்வி: யானைக்கு வாழைப்பழம், கரும்பு வாங்கிப் போகலாமா? பாகனுக்கு ஏதாவது கொடுக்கலாமா? (ஒரு வாசகி, சென்னை)

பழம் வேண்டாம். நாம் ஆளுக்கு ஒரு சீப்பு நீட்டினால் மருத்துவர் போட்ட கணக்கு என்ன ஆவது? இன்னொன்று, காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும் யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது, தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்வதில் அந்தக் காரணமும் உண்டு. பையில் பழம் வைத்துக்கொண்டு கயிற்றோரம் நிற்கவும் வேண்டாம், பத்தடி தள்ளி இருந்தே மோப்பம் பிடித்துவிடும், அப்புறம் பாகன்தான் அதைச் சமாளிக்க வேண்டும்.

பாகனுக்குக் காசு நீட்டுவதைவிட, வேலை முடிந்து அவர் கை கழுவும் வரை காத்திருந்து பேசுங்கள். தெப்பக்காட்டில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, அவர்கள் வீடு எங்கே, செல்ஃபி எடுக்கலாமா என்றுதான் அங்கே வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நீங்கள் எதிரே நிற்கும் ஆளிடம், "அண்ணே, உங்க யானை பேரு என்ன, எத்தனை வருஷமா நீங்க பாக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். போன முறை நான் கேட்டவர் யானையின் பேரைச் சொல்லிவிட்டு, அதற்கு இடது காது ஓரம் எப்போது கிழிந்தது, எந்த மழைக்குப் பயப்படும், எந்தக் கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது என்று முக்கால் மணி நேரம் பேசினார். தன் பேரைக் கடைசியில் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.