சிஎஸ் மருந்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: லாம்டா சைஹாலோத்ரின் என்ற பூச்சிமருந்து வாங்கப் போனேன். 5% இசி (EC, கரைப்பானில் கரைத்தது) ஒரு புட்டி, 4.9% சிஎஸ் (CS, நுண்ணிய உறைக்குள் அடைத்தது) ஒரு புட்டி. சிஎஸ் விலை அதிகம். "மருந்து மக்கும் பாலிமர் உறைக்குள்ள இருக்கு சார், கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளியே வரும், ஒரு தடவை அடிச்சா போதும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அவர் சொன்னதில் உறை இருப்பது மட்டும் உறுதி. மற்ற இரண்டையும் லேபிளைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இசி என்பது கரைப்பானில் கரைத்த மருந்து. மூடியைத் திறந்ததுமே நெடி மூக்கில் ஏறும். சிஎஸ்ஸில் சில மைக்ரான் அளவே உள்ள மருந்துத் துளி ஒவ்வொன்றையும் பாலிமர் சுவர் போர்த்தியிருக்கும். அவை தண்ணீரில் மிதக்கும். மருந்து எவ்வளவு மெதுவாகக் கசியும் என்பது பெரும்பாலும் அந்தச் சுவரின் தடிமனைப் பொறுத்தது. இலையில் அடிக்கும் மருந்துக்கு மெல்லிய சுவர் வைப்பதுண்டு. தெளித்த நீர் காய்ந்ததும் அது சீக்கிரமே மருந்தை விட்டுவிடும். ஆகவே சிஎஸ் என்ற எழுத்தை மட்டும் பார்த்து "ஒரு தடவை போதும்" என்று சொல்லிவிட முடியாது. மறுபடி எப்போது அடிக்கலாம், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் பாருங்கள். மெதுவாக வெளியேறும் மருந்து காய்கறியிலும் மெதுவாகத்தான் குறையும்.

அடுத்தது ‘மக்கும்’. கடைக்கு வரும் உறைகளில் பரவலானது பாலியூரியா என்ற பாலிமர். அது எளிதில் மக்காது. ஆல்ஜினேட், கைட்டோசான், ஸ்டார்ச் போன்றவை மக்கும். ஆய்வுக்கூடங்களில் நிறையப் பேசப்படுகின்றன, புட்டிக்குள் வந்தது குறைவு. மக்கும் பிளாஸ்டிக் என்று சொல்லப்படும் பிஎல்ஏ கூட சுமார் 60 டிகிரி சூட்டில் வேலை செய்யும் கம்போஸ்ட் கூடத்தில்தான் சுறுசுறுப்பு. வயல் மண்ணில் நெடுநாள் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாடு இந்த உறைகளையும் விட்டுவைக்கவில்லை. மாற்றிக்கொள்ள 2031 வரை அவகாசம் தந்திருக்கிறது. எந்தப் பாலிமர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஒரு சொல்லுக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

அப்படியானால் சிஎஸ் வீணா? இல்லை. லாம்டா சைஹாலோத்ரின் வகை மருந்து தோலில் பட்டால் முகமெல்லாம் குறுகுறுத்து எரியும், அடித்தவர்களுக்குத் தெரியும். உறை அதைக் குறைக்கிறது, கரைப்பானும் குறைவு. அதற்காக நான் கூடுதல் விலை கொடுப்பேன். கையுறையும் முகமூடியும் அப்போதும் வேண்டும்.

பூக்கும் பருவத்தில் மட்டும் தொடாதீர்கள். 1970-களில் வந்த மீதைல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தின் உறைகள் மகரந்தத் துகள் அளவிலேயே இருந்ததால், தேனீக்கள் அவற்றையும் சேர்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோயின. அங்கே விஷம் சாவகாசமாக வெளியே வந்தது.

வாங்கும்போது புட்டியை நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். அடியில் படிந்தது கலந்துவிட்டால் சரி. கட்டியாகவே நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.