ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் ஊரில் தண்ணீர் முறையைச் சண்டை வராமல் பிரிப்பது எப்படி?

முறையை ஆளுக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று வையுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வாய்க்கால் நிரம்பவே 8 மணி நேரம் போகிறது, மொத்தப் பாசனம் 40 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 160 மணி நேரத்தில் ஏக்கருக்கு 4 வரும். 3 ஏக்கர்காரருக்கு 12.

தகராறு பிறப்பது அந்த 8 மணி நேரத்தில்தான். முறை தலைமடையிலிருந்து கீழே நகரும்போது, அடுத்த மடை வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அதை நிரப்பும் நேரத்தையும் அடுத்தவர் கணக்கில் எழுதினால், தண்ணீர் அவர் வரப்பைத் தொடுவதற்குள் முறையில் ஒரு பங்கு போய்விடும். எனவே நிரம்பும் நேரத்தை அவருக்குக் கூட்டிக் கொடுங்கள். கடைமடைக்காரருக்கு இது தலைகீழ்: தலைப்பில் அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் அவர் வயலுக்கே வடியும் என்பதால் கொஞ்சம் கழிக்கலாம். ஆனால் கறாராகக் கழிக்காதீர்கள். வழியெல்லாம் கசிந்தது போகத்தான் அவருக்குத் தண்ணீர் வருகிறது.

சரியாக 168 மணி நேரச் சுற்று என்றால் வாராவாரம் அதே ஆளுக்கு அதே நள்ளிரவு மாட்டும். போகத்துக்கு ஒரு முறை அட்டவணையை 12 மணி நேரம் தள்ளிவிடுங்கள், இரவு பகலாகிவிடும்.

கரை உடைந்தால் யார் முறை வீணாவது என்பதையும் தண்ணீர் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். உடைந்த பிறகு பேசினால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.