அலமாரியிலிருந்து இறங்கிய கேமராக்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன: "அப்பாவுடைய கேமரா ஒன்று வீட்டில் இருக்கிறது..." 35 வருடமாக இந்தக் கருவிகளைப் பிரித்துச் சேர்ப்பதே என் பிழைப்பு. இன்றைக்கும் அப்படித் தொடங்கும் கடிதம் என்றால் மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பலருக்கும் பயன்படும் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 இருபது வருடமாகப் பெட்டியில் கிடந்தது. நேராக ஃபிலிம் போட்டு எடுத்துப் பார்க்கலாமா? – ஒரு கல்லூரி மாணவி

வேண்டாம் அம்மா. ஃபிலிம் வாங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலத்தை அந்தக் கேமராவுக்கு ஒதுக்குங்கள்.

முதலில் அடிப்பக்கத்து பேட்டரி மூடியை ஒரு நாணயத்தால் திருகித் திறங்கள். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்து கிடந்தால், பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். அதனால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடைத்தால் கரைந்து வரும். சொட்டக்கூடாது, ஈரம் பட்டால் போதும். பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த குச்சி, கடைசியில் உலர்ந்த குச்சி. உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் புது பேட்டரி போடலாம்.

பேட்டரி வேலை செய்யாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 1976 முதல் 1997 வரை தயாரான இந்த மாடலில் ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை, முழுக்க இயந்திரம். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். அந்த மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, லென்ஸ் வழியே வெளிச்சம் நுழைந்தாலே ஓடத் தொடங்கிவிடும். எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போடும் பழக்கம் இல்லையென்றால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும்.

அடுத்தது ஷட்டர். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு 1/1000 முதல் 1 நொடி வரை ஒவ்வொரு வேகத்திலும் பத்துத் தடவை அழுத்துங்கள். 1 நொடியில் வைத்து அழுத்தும்போது காதை அருகில் கொண்டுபோங்கள். 'சர்ர்ர்' என்று சீராக ஓடி 'டக்' என்று முடிய வேண்டும். நடுவில் திணறினாலோ, திரை பாதியில் நின்றாலோ, உள்ளே இருக்கும் எண்ணெய் இறுகிப் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். பல கேமராக்கள் ஐம்பது அறுபது தடவை இயக்கிய பிறகு தாமாகவே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். தயவுசெய்து எந்த இடுக்கிலும் எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய், ஷட்டர் துணியில் ஊறி, லென்ஸுக்குள் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) தகடுகளை ஒட்டவைத்துவிடும். என்னிடம் வரும் கேமராக்களில் வயதால் கெட்டதைவிட இப்படி அக்கறையால் கெட்டதே அதிகம்.

கடைசியாக, பின்கதவு பொருந்தும் காடியில் கறுப்பு நுரைப்பஞ்சு இருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் அது செத்துவிட்டது, அந்த வழியே வெளிச்சம் கசிந்து படத்தில் ஆரஞ்சுக் கீற்று விழும். பல் குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் புதுப் பஞ்சை ஒட்டலாம். இதை வீட்டிலேயே செய்யலாம், கஷ்டமில்லை. சுரண்டும்போது துகள் ஷட்டர் துணிமேல் விழாதபடி ஒரு தாளை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற கண்ணாடி எழும்பி மேலே மோதும் இடத்திலும் இதே பஞ்சு இருக்கும். அந்தக் கண்ணாடியை மட்டும் விரலால் தொடாதீர்கள். அதன் பிரதிபலிக்கும் பூச்சு மேல்பரப்பிலேயே இருக்கிறது, துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

கேள்வி: என் கேனன் ஏ.ஈ.-1-இல் ஃபிலிமை நகர்த்தும் லீவர் இறுகிவிட்டது. கொஞ்சம் பலமாகத் தள்ளினால் நகரும்போல இருக்கிறது. தள்ளலாமா?

கையை எடுங்கள். இன்றைக்கு வந்த கேள்விகளிலேயே எனக்குப் பதற்றம் தந்தது இதுதான்.

நான் தொழில் கற்றுக்கொண்ட முதல் வருடம், இதே புகாரோடு ஒரு கேமரா வந்தது. துருப்பிடித்திருக்கும் என்று நானே முடிவு செய்து, கட்டைவிரலை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். லீவர் தளர்ந்து ஆடியது. என் ஆசிரியர் பிரித்துப் பார்த்தபோது பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து கிடந்தது. கேமராவில் பழுது என்று எதுவுமே இருந்திருக்கவில்லை. 36 படமும் முடிந்து ஃபிலிம் கடைசி வரை வந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டவில்லை. பழுதான இரண்டு கேமராக்களைப் பிரித்துப் பொருத்தமான சக்கரம் தேடி எடுத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, மூன்று நாளில் மாற்றினார். அந்த 'டிக்' இன்னும் என் விரலில் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1976-இல் வந்த ஏ.ஈ.-1-இன் ஷட்டர் மின்சாரத்தால் இயங்குவது. பேட்டரி தீர்ந்துவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் ஷட்டர் விடுபடாது. விடுபடாததால் லீவர் அடுத்த சுற்றுக்கு வராது. லீவர் இறுகவில்லை, ஏற்கெனவே இழுத்த நிலையில் காத்துக்கொண்டிருக்கிறது. 6 வோல்ட் 4எல்.ஆர்.44 பேட்டரி ஒன்று புதிதாகப் போட்டு அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். ஷட்டர் அடிக்கும்போது இருமல்போலக் 'கீச்' என்று கேட்டால், கண்ணாடியை இயக்கும் சக்கரங்களில் எண்ணெய் வறண்டிருக்கிறது. படத்துக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் சரியான இடத்தில் ஒரு சொட்டு வைக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒலிம்பஸ் ஓ.எம்.-1 வைத்திருக்கிறேன். அதற்கான மெர்குரி பேட்டரி எங்கேயும் இல்லை. வேறு பேட்டரி போட்டால் எல்லாப் படமும் இருட்டாக வருகிறது.

பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரி சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. அது தீரும் வரை 1.35 வோல்ட்டை அப்படியே பிடித்து நிற்கும். நீங்கள் போட்டிருப்பது 1.5 வோல்ட் அல்கலைனாக இருக்கும். மின்னழுத்தம் கூடுதலானதால் மீட்டர், இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டுகிறது. நீங்களும் அதை நம்பி அப்பர்ச்சரைக் குறைக்கிறீர்கள், படம் இருண்டுபோகிறது. அல்கலைனில் இன்னொரு தொல்லை, மின்னழுத்தம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். அதனால் பிழையும் ஒரே அளவில் நிற்காது.

காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட், சீராகவும் இருக்கும். அளவு கொஞ்சம் சிறியது. சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஆடாமல் உட்காரும். ஸ்டிக்கரை உரித்துக் காற்றுப் பட்டதும் அதன் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும். சில வாரம், சில மாதம்தான். படம் எடுக்கப் போகிற அன்று உரியுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால், 1.55 வோல்ட் சில்வர் ஆக்ஸைடு பேட்டரியை ஏற்று மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் அடாப்டர் கிடைக்கிறது.

ஓ.எம்.-1-உம் இயந்திர ஷட்டர்தான், மீட்டரே இல்லாமலும் எடுக்கலாம். பளிச்சென்ற வெயிலில் அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஃபிலிம் டப்பாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) எண்ணையே ஷட்டர் வேகமாக வையுங்கள். 100 ஃபிலிமுக்கு 1/125, 400-க்கு 1/500. லேசான மேகம் என்றால் அப்பர்ச்சரை ஒரு படி திறங்கள், நிழலில் மூன்று படி. சந்தேகம் வந்தால் இன்னும் ஒரு படி அதிகமாகத் திறங்கள். நெகடிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த வெளிச்சத்தைப் பொறுக்காது.

கேள்வி: ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் மட்டும் பாதிப் படம் கறுப்பு. ஷட்டர் போய்விட்டதா?

இல்லை. உங்கள் கேமராவின் துணித்திரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுவது. இந்த வகையில் பெரும்பாலும் 1/60 வரைதான் படத்தின் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்குமேல் போனால் ஒரு கீற்று மட்டும்தான் நகர்ந்து போகும். ஃபிளாஷ் மின்னும் கணத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறதோ அது மட்டும் பதியும். டயலில் எக்ஸ் குறியோ தனி நிறமோ உள்ள வேகத்தில் வையுங்கள். ஃபிளாஷ் இல்லாமலே, வேகமான ஷட்டரில் ஒரு ஓரம் இருண்டால்தான் திரைகளின் ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: முழு ரோலும் வெறுமையாக வந்துவிட்டது. கழுவியவர் கெடுத்துவிட்டாரா, என் தவறா?

நெகடிவையே கேட்டால் சொல்லிவிடும். ஓரத்தில், துளைகளை ஒட்டி, ஃபிலிமின் பெயரும் பட எண்களும் அச்சாகியிருக்கின்றனவா? அவை தயாரிப்பின்போதே வெளிச்சத்தால் பதிக்கப்படுபவை. கழுவினால்தான் தெரியும். எழுத்து தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால், கழுவியதில் குறையில்லை, ஃபிலிம்மேல் வெளிச்சமே படவில்லை. எழுத்தும் இல்லையென்றால் கழுவியதில்தான் கோளாறு.

முதல் வகைக்குப் பெரும்பாலான காரணம், ஃபிலிம் நுனி சுருளியில் மாட்டாமல் நழுவியிருப்பது. லீவர் ஓடும், கவுன்ட்டர் எண்ணும், ஃபிலிம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இனி இப்படிச் செய்யுங்கள்: நுனியைச் சுருளியில் செருகி, இரண்டு பக்கத்துத் துளைகளும் பல்லில் உட்காரும் வரை லீவரை ஓட்டிய பிறகே கதவை மூடுங்கள். மூடியதும் ரீவைண்டு கைப்பிடியை (ஃபிலிமைத் திரும்ப டப்பாவுக்குள் சுற்றுவது), அது லேசாகத் தடுக்கும் வரை அம்புக்குறியின் திசையில் சுற்றித் தளர்வை எடுத்துவிடுங்கள். இப்போது லீவரை இழுத்தால் அந்தக் கைப்பிடி எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

கேள்வி: சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் தேன் நிறத்துக்கு மாறிவிட்டது. பூஞ்சையா?

பூஞ்சை என்றால் சிலந்தி நூல்போலக் கிளைத்து நிற்கும், டார்ச் அடித்தால் தெரியும். சீரான மஞ்சள் என்றால் அது தோரியம். ஒளியை நன்றாக வளைக்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் ஆக்ஸைடு கலந்தார்கள். அதன் கதிர்வீச்சு பல ஆண்டுகளில் கண்ணாடியையே பழுக்கவைத்துவிடுகிறது. கேமராவிலிருந்து கழற்றி, புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். வெயிலிலும் வைக்கலாம், ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்து எதையாவது எரித்துவிடும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சாதாரணப் பயன்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ மட்டும் கூடாது.

பூஞ்சை பற்றிக் கேட்ட மற்ற மூவருக்கும்: தோல் உறையிலிருந்து முதலில் கேமராவை வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் இருக்கும்படி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

கேள்வி: விமானப் பயணத்தில் ஃபிலிமை எங்கே வைப்பது?

கைப்பையில். சரக்குப் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். கைப்பைக்கும் இப்போது பல இடங்களில் வலுவான எக்ஸ்ரே கொண்ட சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. அது ஒரு தடவையிலேயே ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். ரோல்களை உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: கணவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள். அவர் கேமராவை நேற்று எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஃபிலிம் இருப்பதுபோலத் தெரிகிறது, கவுன்ட்டர் 19-இல் நிற்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகி

அம்மா, பின்கதவைத் திறக்காதீர்கள். மீதிப் படங்களை எடுத்து முடிக்கவும் வேண்டாம். அத்தனை வருடம் கழித்து லீவரை இழுத்தால் ஃபிலிம் கிழியவும் வாய்ப்புண்டு.

அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு, ரீவைண்டு கைப்பிடியை நிமிர்த்தி, அம்புக்குறியின் திசையில் சுற்றுங்கள். மிக மெதுவாக, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நொடி. பழைய ஃபிலிம் உலர்ந்து மொறுமொறுப்பாக இருக்கும், வேகமாகச் சுற்றினால் நிலைமின் பொறி பட்டு மின்னல்கோடுகூட விழலாம். விரலில் ஒரு லேசான இழுவை தெரிந்துகொண்டே வரும். கடைசியில் அது சற்று இறுகி, சட்டென்று விட்டுப்போகும். அப்போதுதான் ஃபிலிம் முழுதும் டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது. நடுவில் எங்கேயாவது இறுகினால் அங்கேயே நிறுத்திவிட்டு, கேமராவை அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். இருட்டறையில் திறந்து எடுத்துவிடலாம்.

வெளியே எடுத்ததும் டப்பாவில் இருக்கும் பெயரைப் படியுங்கள். சாதாரண கலர் நெகடிவ் என்றால் இன்றும் கழுவ முடியும். நிறம் மங்கியிருக்கும், பரவாயில்லை. நிறம் தேறாது என்று தோன்றினால் கறுப்பு-வெள்ளையாகக் கழுவித் தரச் சொல்லலாம், முகங்கள் கிடைக்கும். கோடாக்ரோம் (பழைய கலர் ஸ்லைடு ஃபிலிம்) என்று இருந்தால் அதைக் கலரில் கழுவும் கடைசிக் கூடம் 2010 டிசம்பரில் ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது. அதற்கும் கறுப்பு-வெள்ளைதான் வழி. எதுவானாலும் பழைய ரோல் என்பதைச் சொல்லியே கொடுங்கள், பழைய ஃபிலிம் கழுவிப் பழகியவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. பின்கதவைத் திறந்ததும் கவுன்ட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு முன்பே, இப்போதே, 19 என்று ஒரு தாளில் எழுதி வைத்து, ரோலோடு ஒட்டிக் கொடுங்கள். எத்தனை படம் பதிந்திருக்கிறது என்று தெரிந்தால், படம் பதியாத பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி முதலில் கழுவிப் பார்த்துவிட்டு, அதன்படி நேரத்தைத் திருத்திக்கொண்டு, உங்கள் பத்தொன்பதைத் தொடுவார்கள்.