பென்சிலால் எழுதிய மனு: வாசகர் கேள்வி பதில்

(புளோரிடாவில் 24 ஆண்டுகள் பப்ளிக் டிஃபெண்டராக, அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடும் வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்றவர், அமெரிக்க அரசியல் சட்டம் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எங்கள் வரிப்பணத்தில் திருடனுக்கு எதற்கு வக்கீல்?
வாசகர், டாம்பா

'திருடன்' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே! அவர் திருடினாரா என்று கண்டுபிடிக்கத்தான் விசாரணையே நடக்கிறது.

உங்கள் மாநிலத்துக் கதையையே சொல்கிறேன். 1961 ஜூனில் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து யாரோ சில்லறைக் காசும் மதுவும் எடுத்துப் போனார்கள். கிளாரன்ஸ் எர்ல் கிடியன் பிடிபட்டார். 50 வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு, ஏற்கெனவே சிறைக்குப் போய்வந்தவர். எனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்கு மட்டும்தான் தருவோம் என்றார் நீதிபதி. அன்றைய சட்டம் அப்படித்தான் இருந்தது. கிடியன் தனக்குத் தானே வாதாடினார், ஐந்தாண்டு தண்டனை கிடைத்தது.

சிறையிலிருந்து, சிறைத் தாளில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். 1942-ல் இதே கேள்வி வந்து, வக்கீல் தர வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னபோது, மறுப்புத் தீர்ப்பு எழுதித் தோற்றவர் அவர். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தன் கையாலேயே ரத்து செய்ய 21 ஆண்டு காத்திருந்தார்.

பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் இதற்கு அடுத்த பகுதிதான். ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தது. அதே ஊர், அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. இம்முறை கிடியன் பக்கத்தில் ஃபிரெட் டர்னர் என்ற வக்கீல் உட்கார்ந்திருந்தார். கையில் மது பாட்டிலோடு கிடியன் வெளியே வந்ததைப் பார்த்தேன் என்ற சாட்சியை அவர் குறுக்கு விசாரணையில் துளைத்தெடுத்தார். கிடியனை ஏற்றிச் சென்ற டாக்சி ஓட்டுநரோ, அவர் கையில் பாட்டில் எதுவும் இல்லை என்றார். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை கொடுத்தது. மாறியது ஒரே ஒரு விஷயம்தான்: வக்கீல்.

என் அனுபவம் ஒன்றும் உண்டு. கடைத் திருட்டு வழக்கு. கேமராவில் மணி 8:10. அந்த நேரத்தில் என் கட்சிக்காரர் அந்தத் தெருவில்தான் நின்றிருந்தார், அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். கோடை நேரத்துக்காக மார்ச் மாதம் நாடெங்கும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோது அந்தக் கேமராவை யாரும் தொடவே இல்லை. உண்மையான நேரம் 9:10. ஒன்பது மணிக்கே அவர் வேலையில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே கிடப்பவர் எப்படிக் கடைக்குப் போய்க் கடிகாரம் பார்ப்பார்? உங்கள் வரிப்பணம் அன்று என் பெட்ரோலுக்குத்தான் போனது ஐயா.

என் மகள் பள்ளியில் கொடி உறுதிமொழி சொல்ல மறுக்கிறாள். கட்டாயம் சொல்ல வேண்டும் என்கிறார் ஆசிரியை.
ஒரு தாய், டெக்சஸ்

கட்டாயப்படுத்த முடியாது அம்மா. 1940-ல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் வழக்கில், கொடியை வணங்குவது தங்கள் மதத்துக்கு எதிரானது என்று நம்பும் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கொடி வணக்கம் செய்யாததற்காகப் பள்ளியை விட்டு நீக்கியது சரியே என்று 8-1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி அந்த மதத்தினர் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள். மெய்ன் மாநிலத்தில் அவர்களின் வழிபாட்டுக் கூடமே எரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டில் நீதிமன்றம் மனம் மாறியது. போர் உச்சத்தில் இருந்த 1943-ல், அதுவும் கொடி தினமான ஜூன் 14 அன்று, மேற்கு வர்ஜீனியா வழக்கில் 6-3 தீர்ப்பு வந்தது. எது தேசபக்தி, எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன்.

ஆனால் உங்கள் மாநிலச் சட்டப்படி பெற்றோர் எழுத்தில் கேட்டால்தான் விலக்கு தருவார்கள். இன்றே இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மகளைத் திட்டாதீர்கள். வகுப்பே எழுந்து நிற்கும்போது தனியாக உட்கார்ந்திருக்க எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

முகநூலில் எழுதியதற்காகக் கம்பெனி வேலையை விட்டு நீக்கிவிட்டது. பேச்சுரிமை எங்கே போயிற்று?
வாசகர், நியூ ஜெர்சி

பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, முதலாளியின் கையை அல்ல. நீங்கள் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்திருந்தால் பொது விஷயங்கள் பற்றி அரசு ஊழியர் பேசுவதைக் காக்கும் 1968-ன் பிக்கரிங் தீர்ப்பு கைகொடுத்திருக்கலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: சக ஊழியர்களோடு சம்பளம் பற்றியோ வேலை நிலைமை பற்றியோ பேசிய பதிவா அது? ஆம் என்றால் 1935-ன் தொழிலாளர் சட்டம் உங்களைக் காக்கக்கூடும். உடனே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள், காலக்கெடு குறைவு.

போலீஸ் 'மிராண்டா' வாசிக்காவிட்டால் வழக்கு தள்ளுபடியா?
மாணவர், சிகாகோ

இல்லை. மிராண்டா என்பது, 'நீங்கள் பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம்' என்று போலீஸ் சொல்ல வேண்டிய எச்சரிக்கை. காவலில் வைத்து விசாரிக்கும்போது அதைச் சொல்லாவிட்டால், நீங்கள் சொன்ன பதில்களை உங்களுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. மற்ற ஆதாரங்களை வைத்து வழக்கு நடக்கும். 1966-ல் 5-4 என்று ஜெயித்த எர்னஸ்டோ மிராண்டாவே, மறுவிசாரணையில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் இல்லாமலேயே மீண்டும் தண்டனை பெற்றார்.

இன்னொன்று, நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாது. 2010-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, "நான் பேச விரும்பவில்லை, எனக்கு வக்கீல் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மௌன உரிமையைக் கேட்கவும் பேசித்தான் ஆக வேண்டும் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றமே உரிமையைப் பறித்தால் யாரிடம் போவது?
வாசகி, ஓக்லண்ட்

உங்கள் ஊரில் பிறந்தவர்தான் ஃபிரெட் கொரேமட்சு. ஜப்பானோடு போர் நடந்த 1942-ல், அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோது போக மறுத்துக் கைதானார். 1944-ல் 6-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு. எழுதியவர் யார் தெரியுமா? கிடியனுக்கு வக்கீல் கொடுத்த அதே ஹ்யூகோ பிளாக். இந்த இரண்டையும் ஒரே கை எழுதியது என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் வலிக்கிறது.

அரசு அன்று முக்கியத் தகவல்களை உச்ச நீதிமன்றத்திடம் மறைத்தது பின்னாளில் தெரியவந்தது. 1983-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் அவர் மேலிருந்த தண்டனையை ரத்து செய்தது. அப்போது அவருக்கு 64 வயது. எண்பது வயதைக் கடந்த பிறகும், குவாண்டனாமோ என்ற அமெரிக்க ராணுவச் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களுக்காகத் தன் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். 2005-ல் இறந்தார்.

1944 தீர்ப்பு பெரும் தவறு என்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதியது 2018-ல்தான். அதை எழுதிய அதே தீர்ப்பில்தான், சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை போட்ட அதிபரின் ஆணை செல்லும் என்றும் சொன்னது. அன்று இரவு நான் தூங்கவில்லை.