மொட்டை போட்டுக் கூட்டிப் போகவா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். முன்முடிக்கு மஞ்சள் கலர் அடித்திருந்தான், காதில் கடுக்கன், கழுத்தில் தேள் படம் பச்சை குத்தியிருக்கிறான். போன தை மாதம் வைகைக் கரை ரோட்டில் ராத்திரி ஒருவரைக் கத்தியால் கிழித்து செல்போனைப் பறித்துவிட்டார்கள். ‘கலர் முடி பையன்’ என்று அவர் சொன்னதை வைத்து இவனைப் பிடித்துப் போனார்கள். ஜெயிலில் நடந்த அடையாள அணிவகுப்பில் கலர் முடியோடு நின்றது இவன் ஒருத்தன்தானாம். அதற்கு முன்பே இவன் போட்டோவை அந்த ஆளுக்கு ஸ்டேஷனில் காட்டினார்கள் என்கிறான். திருவிழாவில் அருவாளோடு எடுத்த ரீல்ஸையும் கேஸில் சேர்த்திருக்கிறார்கள். 43 நாள் கழித்து கண்டிஷன் பெயிலில் வந்தான். சார்ஜ் ஷீட் போட்டாச்சு. அன்று ராத்திரி புரோட்டாக் கடையில் இருந்தேன் என்று சத்தியம் செய்கிறான். அவன் அப்பாவோ, ‘இந்தக் கோலத்துக்கு இதுதான் வரும்’ என்று பேச்சையே நிறுத்திவிட்டார். கோர்ட்டுக்கு மொட்டை போட்டுக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், செல்லூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மொட்டை வேண்டாம். முடி வெட்டுவதும் வளர்ப்பதும் அவன் இஷ்டம். வாய்தாவுக்குத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போகட்டும், அது போதும். நாலு பேர் பிடித்து உட்கார வைத்துச் சிரைத்தால், தப்பு செய்தவன் என்று வீடே தீர்ப்பு எழுதிவிட்டதாகத்தான் அவனுக்குத் தோன்றும். இன்னொன்றும் இருக்கிறது. சாட்சி கூண்டேறி அடையாளம் காட்டுவதற்கு முன்னால் உருவத்தை மாற்றினால், ‘ஆளைத் தெரியக்கூடாது என்றுதான் மாற்றிவிட்டான்’ என்று அரசுத் தரப்பு பேச இடம் கொடுத்த மாதிரி ஆகும். கைதான சமயத்தில் அவன் எப்படி இருந்தான் என்று காட்டும் போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அந்த மஞ்சள் முடிதான் இந்தக் கேஸில் உங்கள் பக்கம் பேசப்போகிறது.

எப்படி என்கிறீர்களா? அணிவகுப்பை மாஜிஸ்திரேட் நடத்தும்போது, சந்தேகப்பட்டவனோடு அவனைப் போலவே தோற்றம் உள்ளவர்களைக் கலந்து நிறுத்த வேண்டும். வரிசையில் எல்லாரும் கருப்பு முடி, ஒருத்தன் மட்டும் மஞ்சள் என்றால், அங்கே சாட்சி பார்த்தது முகத்தையா, முடியையா? அதற்கு முன்பே போட்டோவைக் காட்டியிருந்தால் அந்த அணிவகுப்புக்குப் பெரிய மதிப்பு கிடையாது. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்ட விஷயம் இது. உங்கள் வக்கீலிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

நான் ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு கேஸ். அப்போது கலர் கிடையாது. பையனுக்குத் தோள் வரை முடி, அதுதான் அவன் குற்றம். என் சீனியர் குறுக்கு விசாரணையில் சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: “முடியை விடுங்கய்யா. மூக்கு எப்படி இருந்துச்சு? மீசை இருந்துச்சா? உங்களை விட உயரமா, குட்டையா?” அந்த மனிதர் பொய் சொல்கிறவர் இல்லை. வெகுநேரம் யோசித்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “இருட்டு சார், முடி மட்டுந்தான் தெரிஞ்சது” என்றார். பையன் விடுதலையானான். ஆனால் அதற்குள் பதினோரு மாதம் போயிருந்தது, வேலையும் போயிருந்தது. வெளியே வந்ததும் அவன் கைகள் தோள் பக்கம் போய் முடியைத் தேடின. ஜெயிலில் வெட்டிவிட்டிருந்தார்கள்.

கோலத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ் என்று ஒரு ஊர். 1993 மே மாதம் அங்கே எட்டு வயதுச் சிறுவர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். ஊரே கொதித்தது. பழி விழுந்தது டேமியன் எக்கோல்ஸ், ஜேசன் பால்ட்வின், ஜெஸ்ஸி மிஸ்கெல்லி என்ற மூன்று இளைஞர்கள் மீது. எக்கோல்ஸ் எப்போதும் கருப்பு உடை போடுவார், மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழுவின் பாட்டுக் கேட்பார், பேய்க்கதை படிப்பார். கருப்பு உடையும் கருப்பு நகப்பூச்சும் சாத்தான் வழிபாட்டின் அடையாளம் என்று சாட்சி சொல்ல ஒரு ‘நிபுணர்’ கூண்டேறினார். அவருடைய டாக்டர் பட்டம் வகுப்புக்கே போகாமல் தபால் வழியில் வாங்கியது என்பது அங்கேயே வெளிப்பட்டும் அவர் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார்கள். 17 வயது மிஸ்கெல்லியிடம் மணிக்கணக்கில் விசாரித்து ஒரு ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். சம்பவம் காலையில் நடந்தது என்றான் அவன். காலையில் அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்!

1994-ல் எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். 2007-ல் டிஎன்ஏ சோதனை முடிவுகள் வந்தபோது, சோதித்த பொருட்களில் மூவருடைய தடயமும் இல்லை. 2011 ஆகஸ்ட் 19-ம் தேதி வெளியே வந்தார்கள், அதுவும் ஒரு விசித்திரமான ஏற்பாட்டில்: நாங்கள் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே, தண்டிக்கப் போதுமான சாட்சியம் அரசிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பால்ட்வினுக்கு அதில் மனமே இல்லை. மரண தண்டனைக் கைதியாக இருந்த நண்பனைக் காப்பாற்றத்தான் சம்மதித்தார். ஏட்டில் இன்னும் மூவரும் குற்றவாளிகள். அந்த மூன்று குழந்தைகளுக்காக வேறு யாரும் தண்டனை பெறவும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் மகன் கேஸிலும் ஒருவர் கத்திக்குத்துப் பட்டிருக்கிறார் அல்லவா? தவறான ஆள் உள்ளே போனால் சரியான ஆள் அதே ஆற்றங்கரை ரோட்டில் இன்றும் நின்றுகொண்டிருப்பான்.

இங்கே அமெரிக்கா மாதிரி ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு கிடையாது, நீதிபதிதான் முடிவு செய்வார். சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 49-வது பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் கெட்ட நடத்தை உள்ளவர் என்பதைப் பொதுவாக அவருக்கு எதிரான சாட்சியமாக எடுக்க முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அவன் நல்ல பிள்ளை என்று நம் தரப்பே சாட்சி விட்டால் அந்தக் கதவு திறந்துவிடும். தெருக்காரர்களைக் கூட்டி வந்து நற்சான்று கொடுக்க வைக்கும் முன் வக்கீலைக் கேளுங்கள். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிய ஒப்புதலும் செல்லாது, அதனால் ஒரு பொருள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும்; 23-வது பிரிவு.

ரீல்ஸ் விஷயத்துக்கு வருவோம். தயவுசெய்து அழிக்காதீர்கள், தடயத்தை அழித்தான் என்று புதுக் கேஸ் வரும். புதிதாக எதுவும் போடவும் வேண்டாம். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமிக்கு நேர்த்திக்கடனாக அருவாள் செய்து வைக்கிற சீமை இது. திருவிழாவில் அருவாளோடு நின்றது, அன்றைக்கு நின்றதைத்தான் காட்டும். தை மாத ராத்திரியில் யார் கையில் என்ன இருந்தது என்று அது எப்படிச் சொல்லும்?

இனி முக்கியமான வேலை. புரோட்டாக் கடையில் காசு எப்படிக் கொடுத்தான்? ஜிபேயில் என்றால் நேரத்தோடு பதிவு இருக்கும், இன்றே எடுத்து வையுங்கள். கடை கேமரா பதிவு இத்தனை மாதத்தில் அழிந்திருக்கலாம், இருந்தாலும் போய்க் கேளுங்கள். போன் எந்த டவரில் இருந்தது என்ற விவரத்தை வரவழைக்க வக்கீல் கோர்ட்டில் மனுப் போடலாம், அதைத் தள்ளிப் போடாதீர்கள். கேஸ் கட்டு நகல் இலவசமாகத் தருவார்கள். எஃப்ஐஆரில் தேள் பச்சை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்ஐஆரில் இல்லாமல் பிந்தைய வாக்குமூலத்தில் முளைத்திருந்தால் அது பெரிய விஷயம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி எதற்காகத் துப்பாக்கிச்சூடு நடந்தது என்று நம் ஊரில் தெரியாதவர்கள் குறைவு. ‘நீ இன்ன ஆள், அதனால் திருடத்தான் செய்வாய்’ என்று ஒரு கூட்டத்தையே கைரேகை வைக்கச் சொன்ன சட்டத்தை எதிர்த்து நின்றவர்களைச் சுட்டார்கள். அதை அநியாயம் என்று சொல்லும் நம் வாய், பெற்ற பிள்ளையிடம் ‘இந்தக் கோலத்துக்கு இதுதான் வரும்’ என்று சொல்லலாமா? உங்கள் மகன் செய்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கோர்ட் அதை விசாரிக்கட்டும். அதுவரை அவர் அப்பாவாக இருக்கட்டும். புரோட்டாக் கடைக்காரரிடம் போய்ப் பேச அவரைவிடத் தோதான ஆள் கிடையாது. இந்த வாரமே போகச் சொல்லுங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு.