கிளப் முதலாளிமேல் போன நம்பிக்கை திரும்ப வருமா? கேள்வி பதில்

இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளில் ரசிகர்களுக்கும் முதலாளிகளுக்கும் நடக்கும் சண்டை பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அணி ஜெயித்துக்கொண்டே இருந்தால் ரசிகர்கள் கோபத்தை மறந்துவிட மாட்டார்களா அண்ணா?

மாட்டார்கள். வேல்ஸில் இருந்தாலும் இங்கிலாந்து லீக்கில் ஆடும் கார்டிஃப் சிட்டியைப் பாருங்கள். அணியின் செல்லப் பெயரே நீலப் பறவைகள். 2012-இல் முதலாளி வின்சென்ட் டான் அவர்களுக்குச் சிவப்புச் சட்டை மாட்டிவிட்டார். அடுத்த வருடமே அணி உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்த பிறகுதான் நிலைமை தணிந்தது.

கேள்வி: தப்பு செய்துவிட்ட முதலாளி முதலில் என்ன செய்ய வேண்டும்?

எடுத்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும், அதுவும் சீக்கிரமாக. 2016-இல் லிவர்பூல், அடுத்த சீசனுக்கு ஒரு ஆட்டத்துக்கான உச்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று அறிவித்தது. பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 முன்னிலை. சரியாக 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாட்களிலேயே முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலை பழைய 59 பவுண்டுதான், இரண்டு சீசனுக்கு ஏற்ற மாட்டோம் என்றார்கள். இங்கே மன்னிப்போடு சேர்ந்து காசும் ரசிகரின் பாக்கெட்டிலேயே தங்கியது. அதனால்தான் எடுபட்டது.

கேள்வி: அதே லிவர்பூல் முதலாளிகள்தானே 2021-இல், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் தனியாகத் தொடங்கப் பார்த்த சூப்பர் லீக்கில் சேர்ந்தார்கள்? அப்படியானால் என்ன பாடம் கற்றார்கள்?

நியாயமான கேள்வி. ஒருமுறை இறங்கி வந்ததோடு விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். ஏப்ரல் 18-இல் அறிவிப்பு, 20-ஆம் தேதி பின்வாங்கல், மறுநாள் முதலாளி ஜான் ஹென்றியின் மன்னிப்பு வீடியோ. அந்த வீடியோவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு ரசிகர் சங்கத்தோடு பேசி, ரசிகர் வாரியம் ஒன்று அமைத்து, அதைக் கிளப்பின் சட்ட விதிகளிலேயே சேர்க்க ஒப்புக்கொண்டார்களே, அதுதான் முக்கியம். முதலாளியின் மனநிலை மாறினாலும் எழுத்தில் இருப்பது அவரைக் கட்டுப்படுத்தும்.

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட்டில் மட்டும் ஏன் சரியாகவே மாட்டேன் என்கிறது?

அங்கே காயமே கிளப்பை வாங்கிய விதத்தில்தான் இருக்கிறது. 2005-இல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது, வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே ஏறியது. அதற்கு முன் கடனே இல்லாத கிளப்! வெறுத்துப்போன சிலர் அதே வருடம் எஃப்சி யுனைடெட் என்று தனி கிளப்பே தொடங்கினார்கள். 2021 மே 2-இல் ரசிகர்கள் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிப்போனது. அடுத்த மாதம்தான் ஜோயல் கிளேசர் ரசிகர் மன்றக் கூட்டத்தில் கலந்துகொண்டார். பதினாறு வருடம் முகமே காட்டாமல் இருந்துவிட்டு ஒரு கூட்டத்தில் சரிசெய்ய முடியுமா? தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பில் பங்கு வாங்கி வந்த 2024-லும், சீசன் நடுவே டிக்கெட்டை 66 பவுண்டாக்கி, சிறுவர், முதியோர் சலுகையையும் நீக்கினார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்த முடிவு அது. அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதை நிறுத்தினால் அடுத்த தலைமுறை ரசிகனே இருக்க மாட்டான்.

கேள்வி: விற்றுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியே இல்லாத நிலை உண்டா?

உண்டு. பிளாக்பூல் கிளப்பின் ரசிகர்கள், முதலாளிகளான ஆய்ஸ்டன் குடும்பத்துக்கு ஒரு காசுகூடத் தர மாட்டோம் என்று வருடக்கணக்கில் மைதானத்துக்கு வெளியே நின்றார்கள். 2019-இல் நீதிமன்றம் வேறொருவர் கையில் நிர்வாகத்தைக் கொடுத்த பிறகுதான் உள்ளே திரும்பினார்கள்.

கேள்வி: ஜெர்மனி மாதிரி ரசிகர் கையில் பெரும்பான்மை ஓட்டு கொடுத்துவிட்டால்?

நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே விற்றுப்போன கிளப்பைத் திருப்பி வாங்க யாரிடம் பணம் இருக்கிறது? இங்கிலாந்து வேறு வழியில் போகிறது. 2025-இல் வந்த சட்டப்படி தனி ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டையின் நிறத்தையோ பெரிதாக மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும். டிக்கெட் விலைக்கு அந்த அளவு பிடி இல்லை, ரசிகர்களிடம் கலந்து பேசினால் போதும். அடுத்த சண்டை அங்கேதான் வரும் என்று நினைக்கிறேன்.