ஜாடியில் இருப்பது வேறு அவுன்ஸ், தம்பி

தம்பி, அடுத்த மாதம் நியூ ஜெர்சி வருகிறீர்கள். கிரெடிட் கார்டு எப்படி வாங்குவது, வந்ததும் கார் வேண்டுமா, இங்கத்திய சமையல் குறிப்பில் "ஒரு கப் முந்திரி" என்றால் எத்தனை கிராம், ஊரிலிருந்து தராசு கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கார்டு, கார் கதையெல்லாம் கூட இருக்கப்போகிறவர்களே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிடுவார்கள். முந்திரிதான் என் விஷயம். அதில் அடிபட்டவன் நான்.

1998 தீபாவளி, எடிசனில் ஒரே வீட்டில் நான்கு பேர். முந்திரி கேக்குக்கு அம்மா போனில் சொன்ன கணக்கு: கால் கிலோ முந்திரி, அதில் பாதி சர்க்கரை. கால் கிலோ என்றால் ஒன்பது அவுன்ஸ் என்று கணக்குப் போட்டேன். கண்ணாடி அளவு ஜாடியில் அவுன்ஸ் கோடு இருந்தது. ஒன்பது வரை முந்திரி, நாலரை வரை சர்க்கரை. பாகு கம்பிப் பதம் வந்தது, பொடியைக் கொட்டிக் கிளறினேன், தட்டில் பரப்பினேன். பத்து நிமிடத்தில் கத்தி இறங்கவில்லை. மூன்று நாள் அதைப் பாலில் கரைத்துக் குடித்தோம்.

ஜாடியில் போட்டிருப்பது திரவ அவுன்ஸ், 29.6 மில்லி, கொள்ளளவு. பாக்கெட்டில் இருப்பது எடை அவுன்ஸ், 28.35 கிராம். தண்ணீருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், சர்க்கரைக்கும் பெரிய மோசமில்லை. முந்திரிக்கு இடையிலோ பாதி காற்று. நான் போட்டது 150 கிராம்கூட இருந்திருக்காது. சர்க்கரை மட்டும் 110 கிராம் போயிருக்கிறது. அப்புறம் இறுகாமல் என்ன செய்யும்?

சரி, கணக்குக்கு வருகிறேன். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. தலைதட்டி அளந்தால் முழு முந்திரி 130 கிராம், முழு பாதாம் 140 கிராம். பாதாமை மெல்லிசாகச் சீவினால் அதே கப்பில் 90தான் பிடிக்கும். வால்நட் நேர்மாறு: பாதிப் பருப்பாக 100, நறுக்கினால் 115க்கு மேல், ஏனென்றால் துண்டுகள் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் "வால்நட் ஒரு கப், நறுக்கியது" என்றால் அளந்துவிட்டு நறுக்க வேண்டும். "நறுக்கிய வால்நட் ஒரு கப்" என்றால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். இந்த நாட்டுக்காரர்களே இதில் கோட்டை விடுகிறார்கள்.

யூடியூபில் நம்மவர்கள் காபி டம்ளரைக் காட்டி "ஒரு கப்" என்பார்கள் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். மெல்போர்னில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு கப் 250 மில்லி. எந்த ஊர்க் கப் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்? ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரிலேயே இருபது வருஷமாக அளக்கிறவர்களை மட்டும் நான் கிண்டல் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் அதே டம்ளர் என்றால் விகிதம் மாறாது. பாதியில் இங்கத்தியக் கப்புக்குத் தாவினால்தான் வம்பு.

தராசைச் சுமந்து வராதீர்கள். கிராம், அவுன்ஸ் இரண்டும் காட்டுகிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு இங்கே மலிவு. பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுக் கொட்ட வேண்டியதுதான். பெட்டியில் அந்த இடத்துக்குப் பருப்புப்பொடி வையுங்கள்.

அந்த வீட்டில் இருந்தவர்களில் ஒருவன் இப்போது டாலஸில் இருக்கிறான். ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையில் போன் பண்ணுவான். வாழ்த்துக்கு முன்னால், "இந்த வருஷம் எத்தனை அவுன்ஸ்டா?" என்பான்.